நிலூஷாவுக்கு விழும் சீட்டு

"நான் சொல்றேன் பாரும்மா, இன்னைக்கும் எனக்கு அதேதான் விழும்."

மகள் நிலூஷாவுக்குப் பின்னல் கட்டிக்கொண்டிருந்த சீதாவின் கை நின்றுவிட்டது. பதின்மூன்று வயதுப் பிள்ளை அழாமல் இப்படிச் சொன்னால் எந்தத் தாய்தான் தாங்குவாள்?

"வாய வச்சுக்கிட்டு சும்மா இரு. பெத்தவங்களையும் வரச் சொல்லியிருக்காங்க. சேட்டிபிகேட் குடுக்கிற நேரத்தில சண்டைய இழுக்காத."

அந்தச் சான்றிதழ்மேல்தான் சீதா உயிரையே வைத்திருந்தாள். மூன்று தலைமுறையாகக் கண்டி நகரத்துத் தெருக்களைக் கூட்டிய குடும்பம். கணவன் கணபதி இன்னும் கூட்டுகிறான். மகளாவது விளக்குமாறு தொடாமல் பிழைக்கட்டும் என்றுதான் கோயில் மண்டபத்து இளந்தொண்டர் வகுப்பில் சேர்த்தாள். ஒழுக்கம், நேர்மை, தொண்டு என்று சஞ்சீவனி டீச்சர் தேனாகப் பேசுவார். பாடம் முடிந்ததும் யாருக்கு எந்தத் தொண்டு என்று சீட்டுக் குலுக்கல். மற்றப் பிள்ளைகளுக்கு அன்னதானம் பரிமாற விழும், பூக்கட்ட விழும். நிலூஷாவுக்கு ஏழு சனிக்கிழமையும் மலசலகூடம் கழுவத்தான் விழுந்தது. பிளீச்சிங் பவுடரில் பிள்ளையின் விரல் நுனியெல்லாம் தோலுரிந்திருந்தது.

மண்டபத்தில் மழை இருட்டு. "இத முடிவு செய்றது நானில்ல, சாமி," என்று சிரித்தபடியே டீச்சர் சீட்டு டின்னை நீட்டிக்கொண்டு வந்தார். கடைசியில் நின்ற நிலூஷாவின் முறை வந்ததும் அதை வைத்துவிட்டு மேசைக்கடியிலிருந்து இன்னொரு டின்னை எடுத்தார். முதல் டின் காலியாகியிருக்கும் என்றே சீதா நினைத்தாள். பாவி மனுஷி, அவ்வளவு நம்பிக்கை!

"டீச்சர், எம்புள்ளைக்குக் கைராசி இல்ல. இன்னைக்கு மட்டும் நான் எடுத்துக் குடுக்கிறேனே?"

"ஐயோ வேணாம்மா, நீங்க உக்காருங்க!"

அதற்குள் சீதாவின் கை உள்ளே போய்விட்டது. மலசலகூடம். சகுனம் சரியில்லை என்று இன்னொன்றை எடுத்தாள். அதுவும் மலசலகூடம். மூன்றாவதும் அதேதான். டின்னை அப்படியே மேசையில் கவிழ்த்தாள். பத்துப் பன்னிரண்டு சீட்டு, ஒன்றில்கூட வேறு எழுத்தில்லை.

டீச்சர் சீட்டுகளைக் கையால் மூடப் பார்த்தார். "அவ பரிமாறினா ஆளுங்க சாப்பிட மாட்டாங்கம்மா. உங்களுக்குப் பழக்கமான வேலைதானேன்னு... சேட்டிபிகேட் நல்லா எழுதி வச்சிருக்கேன்."

"அது உங்ககிட்டயே இருக்கட்டும்," என்றாள் சீதா.

நிலூஷா அம்மாவின் பக்கத்தில் வந்து நின்றாள். சீதா சீட்டுகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி டின்னில் போட்டு, நன்றாகக் குலுக்கி, டீச்சருக்கு முன்னால் நீட்டினாள்.

"எடுங்க டீச்சர். சாமி உங்களுக்கு என்ன குடுக்குதுன்னு பாப்போம்."