கோட்டு மாட்டும் நேரம்

பிப்ரவரி 4, செவ்வாய்

நேற்றைய பக்கத்தில் “மொன்றியல் திட்டம் முடிந்தது” என்று எழுதியிருந்தேன். தவறு. ரொக்ஸானின் கால் ஓய்வெடுக்க அதில் ஒரு நிமிடம்கூட இல்லை. தவறை அழிக்காமல் மறுநாள் முதல் வரியாக எழுதச் சொல்லியிருக்கிறார், நாட்குறிப்பு எழுதச் சொல்லித்தரும் என் மாலை வகுப்பு ஆசிரியர். எழுதிவிட்டேன்.

என் தோழி ரொக்ஸான் கிறிஸ்துமஸுக்கு முன் வீட்டு வாசற்படியில் உறைந்திருந்த பனியில் வழுக்கி விழுந்தாள். முழங்கால் வரை மாவுக்கட்டு. ஆறு வாரமாக எங்கள் ஊரான வால்-டோரில் ஒரே சன்னலைப் பார்த்தபடி இருக்கிறாள். இந்தச் சனி, ஞாயிறு அவளை மொன்றியலுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறேன். எங்களைப் பஸ்ஸுக்குக் காரில் கொண்டுவிட வேண்டியவர் அவள் அம்மா லிசெட். அவர் மாட்டேன் என்றால் பயணம் இல்லை. பனியில் ஓரடிகூட வைக்கக் கூடாது என்பது அவருடைய நிபந்தனை.

அதனால் பஸ் நிலையத்திலிருந்து எல்லாமே மெட்ரோ, கட்டடங்களை இணைக்கும் நிலத்தடிப் பாதை என்று போட்டேன். நூலகம், சினிமா, ஓவியக்கூடம், கட்டடத்துக்குள்ளேயே இருக்கும் ஸ்கேட்டிங் அரங்கு என இரண்டு நாளில் பதினான்கு இடங்கள். ஐந்து முறை சரிபார்த்தேன். ஆறாவது முறையும் பார்த்திருக்கலாம்.

மாலையில் அவர்கள் வீட்டுச் சமையலறையில் லிசெட் பட்டாணி சூப்பைக் கிளறிக்கொண்டே என் திட்டத்தைப் படித்தார்.

“கொராலி, மணிக்கு ஒருதரம் இருபது நிமிஷம் காலைத் தூக்கி வைக்கணும்னாரே டாக்டர், அது எங்க?”

“அது... விட்டுப்போச்சு.”

“அப்ப பயணமும் விட்டுப்போச்சு.”

“அம்மா! இந்த மேசையிலயே எனக்கு வயசாகிடும்!” என்றாள் ரொக்ஸான்.

“ஆகட்டும். காலாவது நேரா இருக்கும்.”

பென்சிலை எடுத்து ஸ்கேட்டிங் அரங்கை அடிக்கப் போனேன். ரொக்ஸானின் ஊன்றுகோல் என் கணுக்காலில் விழுந்தது.

“அதைத் தொடாதே! மத்தவங்க விழறதை நான் ஆசைதீரப் பார்க்கணும்.”

லிசெட் தாளில் விரல் வைத்தார். ஒவ்வொரு இடத்துக்குப் பின்னும் ‘கோட்டு, பூட்ஸ்: 20 நிமிடம்’ என்று போட்டிருந்தேன். எங்கள் ஊரில் பக்கத்து வீட்டுக்குப் போவதென்றாலும் இதைச் சேர்த்துத்தான் நேரம் சொல்வோம். அதில் பாதி ஒற்றைக் கையுறையைத் தேடுவதற்கு.

“இதை மட்டும் நல்லா யோசிச்சிருக்கே. ஆனா இவ மாவுக்கட்டோட மாட்டணுமே, முப்பதாப் போடு.”

பாராட்டில் மகிழ்ந்து, முப்பது முப்பதாகத் திருத்த ஆரம்பித்தேன். சனிக்கிழமை இரவுச் சாப்பாடு நள்ளிரவைத் தாண்டியது.

ரொக்ஸான் தாளைப் பிடுங்கிச் சத்தமாகப் படித்தாள். “நூலகம், பூட்ஸ். சினிமா, பூட்ஸ். கேக்குக் கடை, பூட்ஸ்...” சட்டென்று நிறுத்தினாள். “ஏன்டி, வெளியவே போகப்போறதில்ல. நான் எதுக்குடி கோட்டு போடணும்?”

சூப் கொதித்தது.

“பிப்ரவரியாச்சே” என்றேன்.

அவ்வளவுதான். ரொக்ஸான் சிரித்த சிரிப்பில் ஊன்றுகோல் மேசைக்கடியில் உருண்டது. அதை எடுக்கக் குனிந்த லிசெட் அங்கேயே உட்கார்ந்து சிரித்தார். கரண்டி இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

“நானும்தானே முப்பது போடச் சொன்னேன்! இதுல இவளைத் திட்ட வேற செஞ்சேன்!”

நான் மட்டும் கூட்டிப் பார்த்தேன். பதினான்கு இருபதுகள், நாலு மணி நாற்பது நிமிடம். எல்லாமே காலுக்கு. ஓர் இடத்தைக்கூட அடிக்க வேண்டியதில்லை. பதினான்கு ‘கோட்டு, பூட்ஸ்’களையும் அடித்து, ‘கால் மேலே’ என்று எழுதி லிசெட்டிடம் நீட்டினேன். தரையில் இருந்தபடியே ஒவ்வொன்றாக எண்ணினார்.

“சரி, போய்த் தொலைங்க. வெள்ளிக்கிழமையே கார்ல பெட்ரோல் போட்டு வைக்கிறேன்.”

“அம்மா, என் மஞ்சள் கவுன் எங்க? கையில்லாதது!”

“ஜூலைப் பெட்டியில. எடுத்துக்கோ. மாவுக்கட்டுக்கு ஒரு ரிப்பனும் கட்டிக்கோ.”

சூப் அடிப்பிடித்திருந்தது. மூவரும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டோம். வீட்டுக்கு வந்ததும் ஆறாவது முறை சரிபார்த்தேன். சனிக்கிழமை விடுதி அறை மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். இங்கிருந்து போட்டுப் போகும் கோட்டுகளை அதுவரை எங்கே வைப்பது?

நாளை: வேலை முடிந்ததும் விடுதிக்குப் போன் செய்து, மூன்று மணிக்கு முன்பே எங்கள் இரண்டு கோட்டுகளையும் பத்திரமாக வைத்துக்கொள்வார்களா என்று கேட்க வேண்டும்.