இன்னும் ஒரு வண்டி

ஆவணி மாதம் இரண்டாவது சனிக்கிழமை மாலை ஏழே காலுக்குச் செங்கம் ரோட்டு வேடியப்பன் மகாலில் ஆரம்பித்த பாட்டு பதினோரு நாள் ஆகியும் முடியவில்லை. இடையில் அதே மண்டபத்தில் இரண்டு கல்யாணமும் ஒரு காதுகுத்தும் நடந்தன. தேதி குறித்தவர்கள் வேறென்ன செய்வார்கள். ஐயர் மந்திரத்தைப் பாட்டின் தாளத்துக்குள் நுழைத்துச் சொன்னார். மாப்பிள்ளை வீட்டார் அதையும் பெண் வீட்டு ஏற்பாடு என்று நினைத்துக்கொண்டார்கள். ஊரே சமாளித்துக்கொண்டது. சமாளிக்க முடியாமல் தவித்தவர் ஒருவர்தான், மைக் செட் மொய்னுதீன்.

அறுபதை நெருங்கிய மொய்னுதீனுக்குப் பாடகர்களைக் கண்டாலே ஆகாது. அன்றைய கச்சேரிக்கு ஐந்து கோஷ்டி. எல்லாருமே 'நாலு ரோடு' குழுவின் பாட்டுகளைப் பாட வந்தவர்கள். தொண்ணூறுகளில் இந்த ஊர்க்காரர்கள் நாலு பேர் சேர்ந்து மூன்று கேசட் போட்டு, மூன்றாவது வந்த மாதமே பிரிந்துபோன குழு அது. கலைந்த பிறகுதான் அதன் மேல் ஊருக்குப் பாசம் பொங்கியது. பஸ், ஆட்டோ, சலூன் எங்கும் அந்தப் பாட்டுகள்தான். அந்த மாலை முழுக்க மேடையிலிருந்து ஒரே தொல்லை. ஒருவனுக்கு எக்கோ ஜாஸ்தி, ஒருவனுக்குக் கம்மி, வங்கி ஊழியர் கோஷ்டிக்கு அவர்கள் குரல் அவர்களுக்கே கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதே அவர்களுக்கு நல்லது என்று மொய்னுதீன் நினைத்தார், சொல்லவில்லை.

கடைசியாக ஏறியது கோபியின் கல்லூரிக் கோஷ்டி. எடுத்தது 'இன்னும் ஒரு வண்டி இருக்கு'. பஸ்ஸைத் தவறவிட்டவன் ஸ்டாண்டில் உட்கார்ந்து பாடும் பாட்டு. அதைப் பாடாத வாய் இந்த ஊரில் கிடையாது. கோபி ஆறு மாதம் ஒத்திகை பார்த்து, கேசட்டில் இருமல் வந்த இடத்தில் இருமக்கூடப் பழகியிருந்தான். கேசட்டில் அந்தப் பாட்டுக்கு முடிவு இல்லை. 'இன்னும் ஒரு வண்டி இருக்கு' என்று திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருக்கும்போதே சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து காணாமல் போய்விடும். கோபியும் அந்த இடத்துக்கு வந்து, தேய்வதற்காகக் காத்திருந்தான். தேயவில்லை. மொய்னுதீன் குமிழை மெல்லக் குறைத்தார். குமிழ் பூஜ்யத்துக்கு வந்தது, சத்தம் குறையவில்லை. ஒயரைப் பிடுங்கினார். பெட்டிகள் செத்தன, பாட்டு அப்படியே இருந்தது.

பாடுகிறவன் வாயை மூடினால் பக்கத்தில் நிற்பவன் வாய்க்குப் போனது. டிரம்ஸ்காரன் குச்சியைக் கீழே போட்டால் சமையல் கூடத்து அண்டா அதே தாளத்தில் அதிர்ந்தது. ஐந்து கோஷ்டியும் முறை வைத்துப் பாடினார்கள், முறை வைத்துத் தூங்கினார்கள். நாலாம் நாள் கோபியின் தொண்டையில் ரத்தம் கட்டியது. அவன் அம்மா அருணாதேவி பனங்கற்கண்டோடு வந்து, மகனைத் திட்டுவதற்கு வாயைத் திறந்து, ஒரு மணி நேரம் பாடிவிட்டுப் போனாள். மொய்னுதீனின் மனைவி பீபி ஜான் போன் செய்து, "வீட்டுக்கு வருவீங்களா, மாட்டீங்களா?" என்று கேட்டபோது அவர் வாயிலிருந்து வந்தது, "இன்னும் ஒரு வண்டி இருக்கு." அவள் போனை வைத்துவிட்டாள்.

காரணம் அவருக்குத் தெரியும். பாடல் பதிவானபோது வேலூர் ஒலிப்பதிவுக் கூடத்தில் குமிழ்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் அவர்தான். பாட்டை எப்படி முடிப்பது என்று பாடகன் ராமதாசுக்கும் டோலக் அடித்த கண்ணாயிரத்துக்கும் சண்டை. ஒருவருக்கு உச்சத்தில் முடிய வேண்டும், இன்னொருவருக்கு ஒற்றை அடியில் நிற்க வேண்டும். கேசட்டில் இரண்டுமே இல்லை. அவன்தான் அறுக்கச் சொல்லியிருப்பான் என்று இருவரும் ஒருவரையொருவர் நினைத்துக்கொண்டு பிரிந்தார்கள். ராமதாஸ் கோயில் பக்கத்து லாட்ஜில் வரவேற்பு மேசை வேலைக்குப் போனார். கண்ணாயிரம் அடி அண்ணாமலையில் பஞ்சர் கடை போட்டார். எதிரெதிரே வந்துவிடக் கூடாது என்று ஒருவர் விடியற்காலையிலும் மற்றவர் வெயிலிலும் கிரிவலம் போனார்கள். அப்படியே இருபத்தேழு வருஷம்.

பன்னிரண்டாம் நாள் கோபிக்குக் குரலே வராமல், உதடு மட்டும் அசைந்ததைப் பார்த்த பிறகுதான் மொய்னுதீன் ஆட்டோ பிடித்தார். ஒருவர் வருவதை இன்னொருவருக்குச் சொல்லாமல் இருவரையும் தனித்தனியாக அழைத்துவந்தார். மண்டப வாசலில் இருவரும் நேருக்கு நேர் நின்றார்கள்.

"பாட்ட அறுத்தவன் வந்துட்டானா?" என்றார் ராமதாஸ்.

"யாரு அறுத்தது? நீதானே பாய்கிட்ட சொல்லி சவுண்ட கொறச்ச?" என்றார் கண்ணாயிரம்.

"நானா? நீ சொன்னேனு இல்ல நெனச்சினு இருக்கேன்!"

இருவரும் மொய்னுதீனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"யாரும் சொல்லல," என்றார் மொய்னுதீன். "ஏழு மணி நேரம் சண்ட போட்டீங்க. காலைலேர்ந்து எனக்குச் சோறு இல்ல. பசி தாங்கல. நான்தான் கொறச்சேன்."

"இத்தன வருஷமா ஏன் பாய் சொல்லல?"

"நீங்க கேக்கல."

சொன்னவுடனே அது எவ்வளவு கேவலமான பதில் என்று அவருக்குத் தெரிந்தது. அந்தத் தேய்வுதான் பாட்டிலேயே அழகு என்று ஊர் பேசும்போதெல்லாம், அது தன் கைவேலை என்று அவர் ரகசியமாகப் பெருமைப்பட்டிருந்தார். அந்தப் பெருமையை விட மனசு வரவில்லை. அதை எப்படிச் சொல்வது என்று அவர் யோசிப்பதற்குள் ராமதாஸ் அவருடைய சட்டைக் காலரின் ஒரு பக்கத்தைப் பிடித்தார், கண்ணாயிரம் மறுபக்கத்தை. இருபத்தேழு வருஷத்தில் இருவரும் சேர்ந்து செய்த முதல் காரியம் அது.

காலரை விட்டதும் இருவரும் மேடை ஏறினார்கள். பாட்டு மற்ற வாய்களை விட்டு இறங்கி ராமதாசிடம் போனது. கோபி நின்ற இடத்திலேயே சரிந்து குறட்டை விட ஆரம்பித்தான். முடிவு வர வேண்டிய இடத்தில் ராமதாஸ் தன் உச்சத்துக்குப் போனார், அதே நொடியில் கண்ணாயிரம் தன் ஒற்றை அடியை அடித்தார். ஒருவர்கூட விட்டுக்கொடுக்கவில்லை. பாட்டு ஒரு கணம் நின்றது. பிறகு, யாருடைய வாயும் கையும் இல்லாமல், மேடையிலிருந்து இறங்கி, நாற்காலிகளுக்கு நடுவே நடந்து, வாசல் வழியாக வெளியேறி கிரிவலப் பாதையில் திரும்பியது. மண்டபத்துச் சொந்தக்காரர் வேடியப்பன் கதவைச் சாத்திப் பூட்டினார்.

அன்றிலிருந்து அது மலையைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. பௌர்ணமிக் கூட்டத்தில் அவ்வளவாகக் கேட்பதில்லை; மற்ற நாட்களில் ஆசிரமத்துப் பக்கம் காலை ஒன்பதுக்கும், அடி அண்ணாமலையில் பதினொன்றுக்கும் கடக்கிறது. வெளியூர்க்காரர்கள் ஒலிபெருக்கி எங்கே என்று தேடுகிறார்கள், உள்ளூர்க்காரர்கள் வழிவிடுகிறார்கள். ராமதாசும் கண்ணாயிரமும் தினமும் அதன் பின்னாலேயே, அது எப்படி முடிய வேண்டும் என்று உரக்கச் சண்டை போட்டுக்கொண்டு நடக்கிறார்கள். மொய்னுதீனோடு இருவரும் பேசுவதில்லை. அவரும், இது என்ன தலையெழுத்து என்று முனகிக்கொண்டே பத்தடி பின்னால் நடக்கிறார்.

போன வாரம் அடி அண்ணாமலையில் பச்சையம்மாளின் டீக்கடையில் இருவரும் உட்கார்ந்தார்கள். மொய்னுதீன் ரோட்டிலேயே நின்றார்.

"ரெண்டாங்க?" என்று கேட்டாள் பச்சையம்மாள்.

"மூணு," என்றார் கண்ணாயிரம் திரும்பிப் பார்க்காமல். "பாய்க்குச் சக்கர கம்மி."

பாட்டு அதற்குள் வளைவைத் தாண்டிவிட்டது. குடித்துவிட்டுப் போனாலும் பிடித்துவிடலாம் என்பதால் யாரும் அவசரப்படவில்லை.