இரண்டு நாளில் அணைந்த மேகம்

அலுவலகத்தில் எனக்குப் பட்டப்பெயர் துடைப்பம். விண்வெளித் தொலைநோக்கி அனுப்பும் எக்ஸ்ரே படங்களிலிருந்து குப்பையைக் கூட்டித் தள்ளுவதுதான் என் வேலை. குப்பை என்றால் சூரியக் காற்று. சூரியனிலிருந்து ஓடிவரும் மின்னேறிய ஆக்ஸிஜன், பூமியைச் சுற்றியுள்ள வாயுவில் மோதி ஓர் எலக்ட்ரானைப் பறித்துக்கொள்ளும். பறித்த கையோடு எக்ஸ்ரேயைக் கக்கும். தூரத்து விண்மீன் கூட்டத்தைப் பார்க்க உட்கார்ந்தவர் படத்தில் இது விழுந்தால் போச்சு. அதைச் சொல்லப் போகிறவள் நான் என்பதால் என்னை யாருக்கும் பிடிக்காது. போகட்டும், எனக்கென்ன என்று சொல்லத்தான் ஆசை. பொய். வலிக்கத்தான் செய்யும்.

அண்ணா ஒருவர்தான் விதிவிலக்கு. கூடப் பிறந்தவரில்லை, எதிர் அறையின் மூத்த ஆய்வாளர். எனக்கென்று யாரும் இல்லை என்று தெரிந்த நாளிலிருந்து, "சாப்டியாம்மா?" என்று கேட்காமல் தன் டப்பாவைத் திறக்க மாட்டார். ஏழு வருடமாக ஒரே வாயு மேகத்தைத் துரத்திக்கொண்டிருந்தார். பிடித்தும்விட்டார். வெள்ளிக்கிழமை ஆய்விதழுக்குக் கட்டுரை போகிறது. என்னைக் கேட்காமலே அதில் என் பெயரையும் இரண்டாவதாகப் போட்டிருந்தார்.

"தங்கச்சிக்கு நான் வேற என்ன செய்யப்போறேன்" என்று சிரித்தார்.

சும்மா இருந்திருக்கலாம். கை சும்மா இருக்குமா? அவருடைய பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். மூன்று நாள் ஒளியையும் ஒன்றாகக் கூட்டியிருந்தார்; மங்கலான பொருளுக்கு எல்லாரும் செய்வதுதான். நான் மணி மணியாகப் பிரித்தேன். முதல் நாள் சூரியக் காற்று பலமாக அடித்திருக்கிறது, மேகம் பளிச்சென்று இருந்தது. மூன்றாம் நாள் காற்று ஓய்ந்தது, மேகத்தைக் காணோம். லட்சம் ஒளியாண்டு அகலமுள்ள மேகம் இரண்டு நாளில் அணையுமா? அண்ணா பிடித்தது மேகத்தை அல்ல, என் குப்பையை.

சொன்னால் அண்ணாவை இழப்பேன். சொல்லாவிட்டால் நான் எதற்கு இங்கே உட்கார்ந்திருக்கிறேன்? இரண்டு நாள் அவர் கண்ணில் படாமல் ஒளிந்து திரிந்தேன். வியாழக்கிழமை போய்க் கதவைத் தட்டினேன்.

நான் நீட்டிய வரைபடத்தை வாங்கிப் பார்த்தார்.

"வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்லண்ணா."

"அப்ப விடும்மா. யாரு இத மணி மணியா பிரிச்சுப் பாக்கப் போறாங்க?"

"நான் பாத்துட்டேனேண்ணா."

"உன் பேரும் இருக்கு அதுல."

"என் பேர எடுத்துடுங்க. ஆனா நீங்க அனுப்பினீங்கன்னா, நானும் இத எழுதி அனுப்பத்தான் வேணும்."

சொன்ன பிறகுதான் அது மிரட்டல் மாதிரி இருப்பது எனக்கே உறைத்தது. பாவி, வாயைக் கொஞ்சம் மெதுவாகத் திறந்திருக்கக் கூடாதா?

வெள்ளிக்கிழமை கட்டுரை போகவில்லை. திங்கட்கிழமை அவரே என் மேசைக்கு வந்தார்.

"நானும் பிரிச்சுப் பாத்தேன். நீங்க சொன்னது சரிதான் மேடம்."

"என்னண்ணா, மேடம்ங்கிறீங்க?"

தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. நான் செய்தது சரி. நாளைக்கே இன்னொன்று வந்தாலும் அதையேதான் செய்வேன். அன்று சாயங்காலம் பஸ்ஸில், பக்கத்து சீட்டுக்காரர் பார்க்கிறாரே என்றும் பாராமல், வாய்விட்டு அழுதேன்.