மாஸ்டர் புருவம் உயர்த்தாத பாட்டு

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது. பொய்யென்றால் மிச்சமிருக்கும் என் பற்களும் உதிரட்டும்.

எங்களுடையது ரெக்கார்டர் குழு. நேராக வாயில் வைத்து ஊதும் மரக்குழல். பஸ் டிரைவர், பல் டாக்டர், நான், என் தங்கை புருஷனான மச்சான் என்று ஒருவருக்கும் உருப்படியாக ஊத வராது. எங்களையும் "அருமை!" என்று கூசாமல் புளுகி வளர்த்தவர் மாஸ்டர். அவருக்காக உயிரையே கொடுப்போம் என்று சொல்லித் திரிந்தோம். வாய் சும்மா இருந்ததா!

மாஸ்டர் கையசைக்க மாட்டார். சர்ரென்று மூச்சை இழுப்பார்; தொடங்குவோம். கடைசி அடி வந்ததும் அவர் புருவம் உயரும்வரை அதையே திரும்பத் திரும்ப ஊத வேண்டும். நடுவில் விட்டவன் மறுவாரம் வரக்கூடாது.

அவர் போன மறுமாதம், நூலகக் கூடத்தில் அஞ்சலிக் கச்சேரி. மரியாதைக்காக அவர் நாற்காலியை நடுவில் காலியாகப் போட்டோம். யார் தொடங்கிவைப்பது என்று பேசிக்கொள்ள மறந்துவிட்டோம். குழலை வாயில் வைத்துக்கொண்டு, பழக்க தோஷத்தில், எல்லோரும் நாற்காலியைப் பார்த்தோம்.

சர்ரென்று மூச்சிழுக்கும் சத்தம் கேட்டது.

எல்லோரும் ஒன்றாகத் தொடங்கினோம். எங்கள் ஜென்மத்தில் ஒன்றாகத் தொடங்கியதில்லை.

கடைசி அடி வந்தது. மறுபடி வந்தது. மறுபடியும். இல்லாத முகத்தில் புருவத்தை எங்கே தேடுவது? விரல்கள் எங்கள் பேச்சைக் கேட்கவில்லை. சபை உருகிக் கண்ணைத் துடைத்துக்கொண்டது. பக்கத்தில் மச்சான் ஊதியது பெரிய குழல், மூச்சைக் குடிக்கும். அவருக்கோ இழுப்பு நோய். உதடு நீலம் பாரித்துவிட்டது.

வாயோரமாகக் கிசுகிசுத்தேன்: "மச்சான், நிறுத்துங்க!"

"முடியல மாப்ளே. அவரு விட மாட்டேங்கிறாரு."

"தங்கச்சிக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"குழலை மட்டும் வித்துடாதேன்னு சொல்லு."

அவர் கண் சொருகியது. சாகப்போகிறார் என்றே நினைத்தேன். அப்போது கடைசி வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்து, விறுவிறுவென்று நாற்காலி முன்னால் வந்து நின்றார்.

"ஏங்க, போதும்! அந்த மனுசன் மூச்சு முட்டுறது கண்ணுல படலியா? கெளம்புங்க வீட்டுக்கு."

நாற்காலி கிறீச்சிட்டது. எங்கள் விரல்கள் விடுபட்டன. மச்சான் தரையில் சரிந்து, இரைக்க இரைக்க மூச்சு வாங்கினார். அந்த அம்மா யாரையோ கைத்தாங்கலாகப் பிடித்தபடி மெல்ல வெளியே நடந்து போனார்.

மாஸ்டர் கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை.