ஊசி முனை

காலையில் டீ டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகிற நேரத்தில் நாத்தனார் வந்து என் முன்னால் ஒரு தீப்பெட்டியை வைத்தார். திறந்து பார்த்தேன். உள்ளே பாதி ஊசி கிடந்தது. தையல் மிஷின் ஊசி. தடித்த பாதி இருந்தது, கூர்மையான பாதியைக் காணோம். நாத்தனாரின் முழங்கால் பக்கம் உடுப்பெல்லாம் தூசி. கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது, ராத்திரி முழுக்க டார்ச்சை வைத்துக்கொண்டு மிஷினுக்கு அடியில் தவழ்ந்திருக்கிறார்.

"மீதி எங்க அண்ணி?"

"தெரியல. எல்லா இடமும் பாத்துட்டேன்."

டம்ளரைக் கீழே வைத்தேன். நாங்கள் தைப்பது தலையணை. அதுவும் பச்சைக்குழந்தைக்கு, தலையின் பின்பக்கம் தட்டையாகிவிடாமல் இருக்க நடுவில் குழி விட்டுத் தைக்கிற தலையணை. நாத்தனார் தைப்பார், நான் பஞ்சு அடைத்து வாய் மூடிப் பெட்டியில் போடுவேன், என் வீட்டுக்காரர் பெட்டிகளைப் பேலட் என்கிற மரத் தட்டில் அடுக்கிச் சுற்றிலும் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி ஆன்லைன் கம்பெனியின் கிடங்குக்கு அனுப்புவார். வீட்டின் முன்னறையே தொழிற்சாலை. அந்த அறைக்கு நான் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் தேடி எடுத்து, சேர்த்துவைத்துப் பார்த்து, முழு ஊசி ஆகிறது என்று தெரிந்த பிறகுதான் புது ஊசி. உடைந்த துண்டுகளை டேப் போட்டு மிஷினுக்கு மேலே சுவரில் ஒட்டிவைப்போம். வருகிறவர்கள் இதென்ன கண்காட்சியா என்று கிண்டல் செய்வார்கள். செய்யட்டும் என்று விட்டுவிடுவேன்.

"எப்ப உடைஞ்சது?"

"நேத்து சாயங்காலம். லாரிக்காரன் வாசல்ல ஹாரன் அடிச்சுக்கிட்டே இருந்தானே, அப்ப. நீல உறை தச்சுக்கிட்டு இருந்தேன். வேற ஊசி மாட்டி முடிச்சுட்டேன்."

"அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நீ நின்ன நிலையைப் பாத்தேன். சொல்லியிருந்தா என்னைக் கடிச்சுத் துப்பியிருப்பே."

சும்மா சொல்லக்கூடாது, துப்பித்தான் இருப்பேன். நேற்று சாயங்காலம் நான் மனுஷியாக இல்லை. ஆன்லைன் கம்பெனிக்குச் சரக்கு அனுப்புவது என்றால் ஏதோ பெட்டியைக் கட்டித் தூக்கிப் போடுவது என்று பலர் நினைக்கிறார்கள். அந்தக் கம்பெனிக்காரர்கள் வீட்டில் பெண் எடுப்பதுகூட இத்தனை கெடுபிடியாக இருக்காது. பேலட் இத்தனை உயரம்தான் இருக்கணும், பெட்டி ஒரு விரல்கூட வெளியே நீட்டக்கூடாது, சுற்றுகிற தாள் கண்ணாடி மாதிரி தெரியணும், நாலு பக்கமும் ஸ்டிக்கர் இருக்கணும். போன தடவை ஸ்டிக்கர் ஒரு பக்கம் மடிந்திருந்தது என்று வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். எங்களைப் போன்ற சின்ன ஆளுக்கு முழு லாரி கட்டுப்படியாகாது. பத்துப் பேர் சரக்கை ஒரே லாரியில் ஏற்றுகிற பார்ட் லோடுதான். அந்த லாரி நமக்காக நிற்காது. அதனால் நான்தான் எல்லாரையும் கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக விரட்டினேன். சட்டம் போட்டதும் நான், அதை மீற வைத்ததும் நான். டீ அப்படியே ஆறிப்போனது.

என் வீட்டுக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையைத் தடவிக்கொண்டார். அவர் எதற்கும் பதற மாட்டார். அதுவே எனக்குப் பாதி வியாதி. "தரையில எங்கயாவது தெறிச்சிருக்கும். மிஷின் ஊசி உடைஞ்சா தெறிக்கத்தானே செய்யும்?" என்றார்.

"தெறிச்சிருந்தா கிடைச்சிருக்கும்ல? உங்க அக்கா ராத்திரியெல்லாம் தரையைத்தானே தடவிக்கிட்டு இருந்தாங்க?"

நேற்று வந்த சின்ன லாரி சரக்கை இறக்குகிற லாரி செட்டுக்கு அவர் போன் போட்டார். எங்கள் மூன்று பேலட்டும் பெரிய லாரியில் ஏறிக்கொண்டிருக்கிறது, மதியத்துக்குள் கிளம்பிவிடும் என்றார்கள். கிளம்பினால் முடிந்தது கதை. கிடங்கில் பேலட்டைப் பிரித்துப் பெட்டி பெட்டியாக ஊர் ஊராக அனுப்பிவிடுவார்கள். அதற்கப்புறம் எந்தத் தலையணை எந்த வீட்டுத் தொட்டிலில் இருக்கிறது என்று கடவுளுக்கே தெரியாது. கழுத்து நிற்காத ஒரு குழந்தை அதன்மேல் தலையை இப்படியும் அப்படியும் உருட்டும். குத்தினால் அழத்தான் அதற்குத் தெரியும். பால் வேண்டுமோ, வயிற்றுவலியோ என்று தாய் தோளில் போட்டுத் தட்டுவாள், தட்டிவிட்டு மறுபடி அதே தலையணையில் படுக்கவைப்பாள். இதை நினைத்த பிறகு என்னால் உட்கார முடியவில்லை. மூன்று பேரும் வேனில் ஏறினோம்.

வழியெல்லாம் சிக்னல். ஒவ்வொரு சிவப்புக்கும் நான் வண்டியின் தளத்தைக் காலால் உதைத்துக்கொண்டிருந்தேன். பின்சீட்டில் நாத்தனார் தீப்பெட்டியைக் கையில் பொத்திவைத்திருந்தார். எதற்கு அதைக் கொண்டுவந்தார் என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை.

லாரி செட்டில் ஆள் உயர மேடை. அதன் ஓரத்தில் பெரிய லாரி ஒன்று பின்பக்கத்தைத் திறந்துவைத்து நின்றது. மேடைக்கும் லாரிக்கும் நடுவே ஒரு இரும்புப் பலகை. அதன்மேல் பேலட் தூக்குகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஏறி இறங்கும்போதெல்லாம் காது கிழிந்தது. எட்டிப் பார்த்தேன். எங்கள் மூன்று பேலட்டும் லாரியின் ஆக உள்ளே, முன்சுவரோடு ஒட்டி நின்றன. அதற்கு முன்னால் சைக்கிள் டயர், அதற்கு முன்னால் சோப்புத்தூள் வாளி, அதற்கும் முன்னால் நாய்க்குப் போடுகிற தீனி மூட்டை. எல்லாம் யார் யாருடையதோ.

சூப்பர்வைசர் நாங்கள் சொன்னதை முழுசாகக்கூடக் கேட்கவில்லை. "உங்க ஒருத்தருக்காக மத்தவங்க சரக்கையெல்லாம் இறக்கி ஏத்தணுமாம்மா? அங்க கிடங்குல எல்லாருக்கும் நேரம் குறிச்சுக் குடுத்திருக்கு. பிந்தினா கேட்டுக்குள்ளயே விடமாட்டான். அப்புறம் அந்தப் பத்துப் பேருக்கு நீங்களா பதில் சொல்லுவீங்க?"

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் எனக்குக் கோபத்தைக் கிளப்பியது. தப்பான ஆளோடு சண்டை போடுவது சுலபம். சரியான ஆளோடு என்ன சண்டை போட? நேரே போய் அந்த இரும்புப் பலகையின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். அடுத்த பேலட்டைத் தூக்கிக்கொண்டு வந்த ஃபோர்க்லிஃப்ட் எனக்கு முன்னால் நின்றது. அதை ஓட்டினவரை எல்லாரும் ராக்கெட் என்று கூப்பிட்டார்கள். ஆமை வேகத்தில் ஓட்டுவதால் வைத்த பெயராம்.

"எந்திரி, எல்லாரும் பாக்குறாங்க," என்றார் என் வீட்டுக்காரர்.

"பாக்கட்டும். டிக்கெட்டா வாங்கியிருக்காங்க?"

ராக்கெட் வண்டியை அணைத்தார். "அப்படி என்னதான் உள்ள வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் தீப்பெட்டியைத் திறந்து அவர் முன்னால் நீட்டினார். "இதோட மிச்சம். பச்சப்புள்ள தலையணைக்குள்ள இருக்கு. நான் தச்சது." அந்தக் கடைசி வார்த்தையில் அவர் குரல் உடைந்தது. என் கல்யாணத்திலிருந்து அவரோடு ஒரே வீட்டில் இருக்கிறேன், அவர் அழுது நான் பார்த்ததில்லை.

ராக்கெட் ஊசியைப் பார்த்தார், சூப்பர்வைசரைப் பார்த்தார். "நான் இறக்குறேன் சார். திரும்ப ஏத்தவும் செய்றேன். பேசிக்கிட்டு நிக்கிற நேரத்துக்குப் பாதி இறக்கியிருக்கலாம்."

சூப்பர்வைசர் உதட்டைப் பிதுக்கினார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். மூன்றில் ஒன்றை மட்டும் இறக்க முடியாது. பில்லில் மூன்று என்று இருக்கும்போது இரண்டு போனால் கிடங்கில் இரண்டையும் திருப்பிவிடுவார்கள். இறக்கினால் மூன்றும்தான், லாரி எங்களை விட்டுவிட்டுக் கிளம்பிவிடும். போனில் தேடிப் பார்த்து, அடுத்து எங்களுக்கு நேரம் கிடைப்பது வரும் மாதக் கடைசியில்தான் என்றார். சரக்கை வாபஸ் வாங்குகிறோம் என்று கையெழுத்துப் போடச் சொன்னார்.

என் வீட்டுக்காரர் பேனாவை வாங்கிக்கொண்டு என்னைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போனார். "இப்பவே அங்க நம்ம சரக்கு தீந்துபோச்சு. ஒரு மாசம் ஸ்டாக் இல்லைன்னு கிடந்தா நம்ம தலையணை அவங்க லிஸ்ட்ல எங்கயோ கீழ போயிடும், அப்புறம் தேடினாலும் கிடைக்காது. எல்லாத்தையும் முதல்லேருந்து ஆரம்பிக்கணும். ஒருவேளை அந்த முனை நம்ம வீட்டுத் தரை இடுக்குல கிடந்துச்சுன்னா?" அவர் ஒன்றும் கல்நெஞ்சக்காரர் இல்லை. எறும்பு மொய்த்தால்கூட ஊதித்தான் விடுவார். இந்தத் தலையணையை நம்பித்தான் இருந்த வேலையை விட்டுவிட்டு வந்தார். எனக்கும் ஆமாம், தரையில்தான் இருக்கும், வாங்க வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. பொய் சொல்லவில்லை, நிஜமாகவே துடித்தது. அவர் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கி நானே கையெழுத்துப் போட்டேன்.

டயர் இறங்கியது, வாளி இறங்கியது, மூட்டை இறங்கியது, கடைசியில் எங்கள் மூன்றும் இறங்கின. மற்றவையெல்லாம் மறுபடி ஏறின. லாரி கதவை அடைத்துக்கொண்டு கிளம்பியபோது என் வீட்டுக்காரர் வாசல்வரை அதன் பின்னாலேயே நடந்துபோனார். ஏதோ சொந்தக்காரரை வழியனுப்புகிற மாதிரி. அவரை அப்படிப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை, திரும்பிக்கொண்டேன்.

நீல உறை எல்லாம் மூன்றாவது பேலட்டில்தான் இருந்தது. ராக்கெட்டிடம் பிளேடு வாங்கித் தாளைக் கிழித்து மேடையிலேயே கடைபரப்பினோம். ஒவ்வொரு தலையணையாக எடுத்து முதலில் உள்ளங்கையால் அழுத்தி, அப்புறம் இரண்டு கையாலும் பிசைந்து, அப்புறம் கன்னத்தில் வைத்துப் பார்த்தோம். கன்னத்தில் வைப்பது நாத்தனாரின் யோசனை. கை காய்த்துப்போயிருக்கு, கன்னத்துக்குத்தான் தெரியும் என்றார். மேடையில் சிந்துகிற ஆணிகளைப் பொறுக்க வைத்திருந்த காந்தக் கம்பியை ராக்கெட் கொண்டுவந்து கொடுத்தார். அதை என் வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார். ஒருதடவை காந்தத்தில் டிக்கென்று ஏதோ ஒட்டியது. மூன்று பேரும் குனிந்தோம். பார்த்தால் பெட்டிக்கு அடித்த ஸ்டேப்ளர் பின். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது, இரண்டையும் விழுங்கிவிட்டு அடுத்ததை எடுத்தேன்.

வெயில் மேடையின் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்துவிட்டது. கடைசிப் பெட்டியின் கடைசித் தலையணையை நான்தான் பிசைந்தேன். பஞ்சுதான் இருந்தது. மறுபடியும் பிசைந்தேன். ஒன்றும் இல்லை.

என் வீட்டுக்காரர் காந்தத்தைக் கீழே வைத்துவிட்டு நீளமாக மூச்சுவிட்டார். "இல்ல. நான்தான் சொன்னேன்ல, வீட்டுலதான் கிடக்குது. திரும்பப் பேக் பண்ணிடலாம். வாக்கா."

கிடைத்திருந்தால் நிம்மதி. கிடைக்காததை என்ன செய்வது? அவருக்குத் தேடி முடித்துவிட்டோம் என்று இருந்தது. எனக்கு இன்னும் ஆரம்பிக்கவே இல்லை என்று இருந்தது. நாத்தனாரைப் பார்த்தேன். அவர் எழுந்திருக்கவில்லை. முதலில் சோதித்து ஓரமாக வைத்த தலையணையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு அதன் ஓரத்தைக் கட்டைவிரலால் நீவிக்கொண்டிருந்தார்.

"தையல் மடிப்புக்குள்ள மாட்டியிருந்தா வெளியே தட்டாது, காந்தத்துக்கும் வராது," என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

"அக்கா, விடுக்கா. இத்தனையையும் பிரிச்சா அப்புறம் நமக்கு என்னக்கா இருக்கு?"

நாத்தனார் பிளேடை எடுத்தார். இரட்டைத் தையல், லேசில் வராது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு கண்ணியாக அறுத்தார். உறையின் வாய் திறந்ததும் பஞ்சு பிதுங்கியது. காற்று அதில் கொஞ்சத்தைப் பிய்த்துக்கொண்டு மேடையில் உருட்டிப்போனது. ராக்கெட் வண்டியை நிறுத்தி அது போகிறவரை பார்த்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். நாத்தனார் உறைக்குள் விரல்களை விட்டு, தையல் ஓரமாகவே மெல்ல, மிக மெல்ல நகர்த்தினார். நான் இன்னொரு தலையணையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டேன். அவர் நீட்டிய பிளேடை வாங்கித் தையலை அறுத்து, குத்து, குத்தித் தொலை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே என் விரலையும் உள்ளே விட்டேன்.