இருபத்து நான்கு சதவீதம்

சனிக்கிழமை மதியம் ஞானராஜ் மின்சார ஸ்கூட்டரை வாசலில் நிறுத்திவிட்டுக் கை கழுவப் போனதும், அவன் மனைவி ரூபி சாவியைத் திருப்பித் திரையைப் பார்த்தாள். இன்று ஓடிய தூரம் ஐம்பது கிலோமீட்டர். மீதிச் சார்ஜ் இருபத்தேழு சதவீதம். காலையில் நூறு இருந்தது.

தூரம் சரிதான். நத்தம் சாலையில் ஒரு மாந்தோப்புக்குத் தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கப் போவதாகத்தான் மூன்று மாதமாகச் சனிக்கிழமைதோறும் சொல்கிறான். போக இருபத்தைந்து, வர இருபத்தைந்து. ஆனால் சமதரையில் ஐம்பது கிலோமீட்டருக்கு இந்த வண்டி பாதிச் சார்ஜைத்தான் தின்னும். மற்றது எங்கே போனது?

ரூபி பள்ளியில் இயற்பியல் சொல்லித்தருகிறவள். ஆளைச் சந்தேகிக்கும் முன் டயரைச் சந்தேகித்தாள். காற்று சரியாக இருந்தது. பின்சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தாள். பிரேக் எங்கும் உரசவில்லை. மறுநாள் பூசை முடிந்ததும், அவனுக்கும் தனக்கும் உள்ள எடை வித்தியாசத்துக்காக இருபத்தைந்து கிலோ அரிசிச் சிப்பத்தைக் கால்மாட்டில் வைத்துக்கொண்டு, அதே தோப்பு வரை போய் வந்தாள். ஐம்பத்தொன்று மீதி, அவன் கொண்டுவந்ததைவிட இருபத்து நான்கு கூடுதல்.

"அரிசிக்கு ஊரைச் சுத்திக் காட்டிட்டு வாரியா?" என்று சிரித்தான் ஞானராஜ். அவளும் சிரித்து வைத்தாள்.

மிச்சமிருந்தது உயரம். நத்தம் சாலையிலிருந்து வலப்பக்கம் பிரிகிற பாதை சிறுமலைக்கு ஏறுகிறது. அதற்கும் ஏறக்குறைய அதே தூரம். ஒரு வண்டியையும் ஆளையும் அத்தனை உயரம் தூக்க, பேட்டரி கூடுதலாகக் கால் பங்குக்கு மேல் கொடுத்தாக வேண்டும். இறங்கும்போது பிரேக் பிடித்தால் மோட்டாரே மின்சாரம் உண்டாக்கித் திருப்பித் தரும். கொஞ்சம்தான், கொடுத்ததெல்லாம் திரும்பாது. பெட்ரோல் வண்டி என்றால் வழியிலேயே நிரப்பிக்கொண்டு வந்திருப்பான், ஒன்றும் தெரிந்திருக்காது. புகை விடாத வண்டிதான் வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தவள் அவள்.

கல்யாணத்துக்கு முன் ஐந்து வருஷம் அவன் சிறுமலையில் ஓர் எஸ்டேட்டில் வேலை பார்த்தான். அங்கே பெருமாயி என்பவளோடு சேர்த்துப் பேச்சு அடிபட்டதும், அதெல்லாம் முடிந்துபோனது என்று அவன் வேதாகமத்தின் மேல் கைவைத்துச் சொன்னதும் பதினோரு வருஷத்துக்கு முந்தியவை. அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அவள் கழுத்தை நீட்டினாள்.

அடுத்த சனிக்கிழமை அவன் கிளம்பும்போது, "ஏங்க, இன்னைக்கு நானும் வாரேன்" என்றாள்.

ஹெல்மெட் வாரை மாட்டாமல் நின்றான். "சார்ஜ் பத்தாது ரூபி. ரெண்டு பேரை வச்சு அம்புட்டு மேட்டுல இழுக்காது."

"நத்தம் ரோட்டுல எங்கங்க மேடு?"

அவன் ஹெல்மெட் வாரை மாட்டினான். அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். இருவரும் பேசாமலிருப்பதை மறைக்க அந்த வண்டியில் ஓர் எஞ்சின் சத்தம்கூட இல்லை.

சாலை பிரியும் இடத்தில் ஓரங்கட்டி ஒரு காலை ஊன்றினான். நேரே நத்தம், வலப்பக்கம் மலை. அவன் கட்டைவிரல் இண்டிகேட்டர் பொத்தானின் மேல் இருந்தது, அழுத்தவில்லை. மலைவாழைத்தார் ஏற்றிய வேன் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு கடந்து போனது. ரூபி அவன் தோளுக்கு மேலாக எட்டித் திரையைப் பார்த்தாள். நிற்கிற வண்டி எதையும் செலவழிப்பதில்லை. தொண்ணூற்றிரண்டு, தொண்ணூற்றிரண்டாகவே நின்றுகொண்டிருந்தது.