சபர் மலைச் சுனைத் தண்ணீர்

தாயிஸ் நகரம் முற்றுகையில் கிடந்த அந்த வருஷம் உயிரின் விலை தண்ணீர் கேனுக்கு இருநூறு ரியால். எந்தக் கிணற்றில் மொண்டது என்று லாரிக்காரனைக் கேட்கக் கூடாது, கேட்டால் இருநூற்றைம்பது. காலரா மட்டும் இலவசம்.

தகிய்யாவின் மகள் ரவ்தா அந்தக் காலராவில் சாவின் வாசல்வரை போய்த் திரும்பியவள். இன்னொரு தடவை வந்தால் தாங்க மாட்டாள் என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, குளோரின் மாத்திரைகளைச் சும்மா கொடுத்தார். வீட்டில் இருந்தது ஒரே பானை. தகிய்யா அதில் மாத்திரை போட்டாள்.

செத்துப்போன புருஷனின் தம்பி நாஷிருக்குத்தான் அது பொறுக்கவில்லை. வீடும் காசும் அவன் கையில். மத்தியானம் ஆனால் கூட்டாளிகளோடு உட்கார்ந்து, மூவாயிரம் ரியால் கொடுத்து வாங்கிய காத் என்ற போதை இலையைக் கன்னத்தில் அடக்குவான். மெல்ல மெல்ல நாக்கு வறளும், மடக்கு மடக்காகத் தண்ணீர் கேட்கும். அதில் குளோரின் வாடை அடித்தால் இலையின் ருசியே போச்சு. அன்று முதல் மடக்கிலேயே துப்பினான். எழுந்து வந்து, எல்லோரும் பார்க்க, பானையைத் தகிய்யாவின் தலையில் கவிழ்த்தான்.

"கக்கூஸ் கழுவுற தண்ணியையா வைக்கிறீங்க, மதினி? இனிமே இந்த வாடை வந்துச்சு, மகளைக் கூட்டிக்கிட்டுத் தெருவுக்குப் போங்க."

லாரித் தண்ணீரை அப்படியே ஊற்றி நிரப்பினான். ரவ்தா டம்ளரோடு வந்தாள். தகிய்யா டம்ளரைத் தட்டிவிட்டாள். பிள்ளை தாகத்தோடு அழுதது.

மறுநாள் நாஷிர் வெளியே போனதும் பானையை மொட்டைமாடிக்குத் தூக்கினாள். மாத்திரை போட்டு, அரை மணி நேரத்துக்கு மேலேயே விட்டாள். பிறகு டீ ஆற்றுவதுபோல் பாத்திரம் மாற்றிப் பாத்திரம், உயரத் தூக்கி ஊற்றினாள். தோள் இற்றுப்போனது, வாடையும் போனது.

மத்தியானம் கூட்டாளிகள் நடுவில் கொண்டுவந்து வைத்தாள்.

"சபர் மலைச் சுனைத் தண்ணி, தம்பி. கழுதையில வருது, கேன் ஐந்நூறு. உங்களுக்குக் கட்டாதுன்னா சொல்லுங்க, லாரித் தண்ணியே போதும்."

அத்தனை பேர் முன்னால் கட்டாது என்று எந்த ஆம்பளை சொல்வான்? வாயில் வைத்துக் கொப்புளித்துப் பார்த்தான், விழுங்கினான்.

"இதுதான் தண்ணி. இதைக் கத்துக்க இவ்வளவு நாளா உங்களுக்கு?"

கூட்டாளிகள் தலையாட்டினார்கள். ஒருவன் இரண்டாவது டம்ளர் கேட்டான்.

அன்றிலிருந்து தகிய்யாவின் கணக்கு இது: சுனைக்கென்று நாஷிரிடம் வரவு ஐந்நூறு, லாரிக்காரனுக்குச் செலவு இருநூறு, மாத்திரைக்கு ஒன்றுமில்லை. சேர்ந்த மீதியில் ரவ்தாவுக்கு மூடி போட்ட தனிக் கேன். அதில் வாடை குறையாத குளோரின். நாஷிரும் காலராவுக்குத் தப்பினான். அவனுக்குச் செய்த அந்த உபகாரத்துக்கு அவள் காசு கேட்கவில்லை.

தலையில் கவிழ்த்தது ஒரு பானை. அது பாக்கி.